உரித்தால் காசு, எரித்தால் விஷம்

பெங்களூரின் மின்கம்பிகள் ஒவ்வொன்றாக மண்ணுக்குள் போகின்றன. கழித்துப் போட்ட அலுமினியக் கேபிள்களைத் தோலுரிக்கும் சின்னப் பட்டறைகளில், கத்திக்கும் நெருப்புக்கும் இடையே தினமும் ஒரு கணக்கு நடக்கிறது.

பெங்களூர் சிட்டி மார்க்கெட்டிலிருந்து மைசூர் ரோட்டில் மேற்கே போகும் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தால், கௌரிபாளையத்தைத் தாண்டி நாயண்டஹள்ளி வரும்வரை நகரம் தன் மறுபக்கத்தைக் காட்டிக்கொண்டே வரும். கண்ணாடிக் கட்டடங்களின் பெங்களூர் இல்லை இது. அந்தக் கட்டடங்கள் கழித்துக் கட்டிய பிளாஸ்டிக்கும் இரும்பும் கம்பியும் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும் பெங்களூர். தமிழ், கன்னடம், உருது, தெலுங்கு நான்கும் ஒரே வாக்கியத்தில் புழங்கும் சந்துகள். சென்னையில் காயலான் கடை என்றால் என்னவோ, அதுதான் இங்கே குஜரி.

கேபிள் உரிக்கும் பட்டறையில் வேலை வெயிலுக்காகக் காத்திருப்பதில் தொடங்கும். டிசம்பர், ஜனவரி மாதங்களின் பெங்களூர்க் குளிரில் கேபிளின் மேல்தோல் விறைத்துக் கிடக்கும். கத்தி வழுக்கும், வழுக்கினால் போவது விரல். இரண்டு மணி நேரம் வெயிலில் போட்டு வைத்தால் பி.வி.சி. கொஞ்சம் இளகும். பிறகு கேபிளைக் காலால் அழுத்திப் பிடித்து, நீளவாட்டில் ஒரு கோடு கிழித்து, இரண்டு பக்கமும் விரித்து இழுத்தால் தோல் கழன்றுவிடும். வாழைத்தண்டில் பட்டை உரிப்பது போலத்தான். ஆனால் வாழைத்தண்டுக்குள் இரும்புப் பட்டை இருக்காது.

சாலைக்கு அடியில் கிடந்த ஒரு கேபிளுக்கு எத்தனை தோல் என்பது அதை அறுத்துப் பார்த்தவருக்குத்தான் தெரியும். வெளியே கறுப்பு பி.வி.சி. உறை. அதற்குள், மண்வெட்டி பட்டாலும் தாங்குவதற்காகத் துத்தநாகம் பூசிய இரும்புக் கம்பி அல்லது பட்டை. தொழிலில் இதற்கு ஆர்மர் என்று பெயர். அதற்கும் உள்ளே இன்னொரு பி.வி.சி. படலம். அப்புறம்தான் கோர் எனப்படும் தனித்தனிக் கம்பிகள். ஒவ்வொரு கோருக்கும் தன் பங்குக்கு ஒரு உறை: பழைய கேபிளாக இருந்தால் பி.வி.சி., புதியதாக இருந்தால் எக்ஸ்.எல்.பி.இ. என்ற, பெரும்பாலும் வெள்ளையாக இருக்கும் பிளாஸ்டிக். இவ்வளவும் கழன்ற பிறகுதான் வெள்ளி போல மின்னும் அலுமினியம் வெளியே வருகிறது. வேலையில் ஆபத்தான இடம் ஆர்மர்தான். முறுக்கிச் சுற்றப்பட்ட இரும்புப் பட்டையை வெட்டி விட்டதும் அது சுருள்வில் மாதிரி விடுபட்டு விசிறும். முகத்துக்கு ஒரு கண்ணாடி, கைக்கு ஒரு தடித்த உறை இருந்தால் கீறலோடு போகும். இல்லையென்றால் தையல்.

முதல் கேள்வி

லோடு வந்து இறங்கும்போது குஜரிக்காரர் கேட்க வேண்டிய முதல் கேள்வி விலை பற்றியது இல்லை. கேபிள் யாருடையது என்பதுதான். மின்கம்பி, கேபிள் திருட்டுக்கு 2003-ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம் 136-ஆவது பிரிவில் தனியாகவே தண்டனை வைத்திருக்கிறது. முதல் குற்றத்துக்கே 3 ஆண்டு வரை சிறை கிடைக்கலாம். திருட்டுச் சரக்கை வாங்கியவரையும் போலீஸ் விடாது. ஆகவே ஒழுங்காகத் தொழில் செய்பவருக்கு வேண்டியது ஒரு காகிதம்: கட்டடத்தை இடித்த காண்டிராக்டரின் பில், அல்லது ஏல ரசீது. அரசு நிறுவனங்களின் கழிவுச் சரக்கு பெரும்பாலும் ஏலத்தில்தான் போகிறது. 1964-இல் தொடங்கப்பட்ட எம்.எஸ்.டி.சி. என்ற பொதுத்துறை நிறுவனம் இப்போது கணினி வழியாக அந்த ஏலங்களை நடத்துகிறது. ஆனால் ஏலத்தில் டன் கணக்கில் எடுக்கப் பெரிய முதல் வேண்டும். சின்னப் பட்டறைகளுக்கு வந்து சேர்வது கை மாறிக் கை மாறி வரும் துண்டும் துக்கடாவும்.

அடுத்த கேள்வி, உள்ளே எவ்வளவு இருக்கிறது? தோலோடு இருக்கும் கேபிளுக்கு ஒரு விலை, உரித்த அலுமினியத்துக்கு வேறு விலை. இரண்டுக்கும் நடுவே உள்ள வித்தியாசம்தான் பட்டறையின் கூலி, வாடகை, லாபம் எல்லாம். அதனால் வாங்குபவர் ஒரு துண்டை வெட்டி எடை போடுகிறார், உரிக்கிறார், மறுபடியும் எடை போடுகிறார். ஒரு கிலோ துண்டில் 400 கிராம் அலுமினியம் நின்றால் மொத்த லோடுக்கும் அதே கணக்கு. இதில் ஐந்து சதவீதம் தப்பினால் ஒரு நாள் கூலி போய்விடும்.

உலக அளவில் இந்தச் சரக்குக்குத் தனி மொழியே இருக்கிறது. தந்தி காலத்துப் பழக்கமாக, அமெரிக்கப் பழம்பொருள் வியாபாரிகள் ஒவ்வொரு ரகத்துக்கும் ஒற்றைச் சொல் வைத்தார்கள். உரிக்காத அலுமினியக் கேபிளுக்கு ‘ட்வாங்’ என்று பெயர். உரித்துச் சுத்தம் செய்த பழைய அலுமினியக் கம்பி ‘டேஸ்ட்’. உரிக்காத செம்புக் கம்பி ‘ட்ரூயிட்’. கப்பலில் வரும் இறக்குமதிச் சரக்கின் காகிதங்களில் இந்தப் பெயர்களை இன்றும் பார்க்கலாம். நாயண்டஹள்ளிச் சந்துக்குள் அந்தச் சொற்கள் நுழைவதில்லை. ஆனால் ட்வாங்கை டேஸ்ட்டாக மாற்றும் வேலைதான் அங்கே நடக்கிறது.

148 மீட்டர் கணக்கு

எல்லாக் கேபிளும் உரிக்கத் தகுந்தவை அல்ல. இதைப் புரிந்துகொள்ளப் பெரிய பொருளாதாரம் வேண்டாம், பள்ளிக்கூடப் பெருக்கல் போதும். அடுக்குமாடிக் கட்டடங்களின் மின் அறைக்குப் போகும் கேபிளில் ‘மூன்றரைக் கோர் 300’ என்று ஒரு ரகம் உண்டு. 300 சதுர மில்லிமீட்டர் பருமனில் மூன்று கோர், அதில் பாதிப் பருமனில் ஒன்று. அலுமினியத்தின் அடர்த்தி 2.7. ஆக, இந்தக் கேபிளின் ஒரு மீட்டரில் இருக்கும் அலுமினியம் ஏறக்குறைய 2.8 கிலோ. பத்து மீட்டர் துண்டு ஒன்றை உரித்தால் 28 கிலோ கையில் நிற்கும்.

இப்போது பழைய வீடு ஒன்றை இடித்ததில் வந்த 2.5 சதுர மில்லிமீட்டர் அலுமினிய ஒயரை எடுத்துக்கொள்ளலாம். ஒரு மீட்டரில் இருப்பது 7 கிராமுக்கும் குறைவு. ஒரு கிலோ சேர்க்க 148 மீட்டர் உரிக்க வேண்டும். பருத்த கேபிளின் ஒரே ஒரு மீட்டருக்கு ஈடாக மெல்லிய ஒயர் 420 மீட்டர்! அதே ஒயர் செம்பாக இருந்தால் 45 மீட்டரிலேயே கிலோ தேறிவிடும், விலையும் ஏறக்குறைய நான்கு மடங்கு. ஆகவே செம்புக்காக உட்கார்ந்து உரிப்பவர்கூட அலுமினிய ஒயருக்காக உட்காரமாட்டார். பருத்தது கத்திக்கு, மெல்லியது நெருப்புக்கு என்று பிரிவது இங்கேதான்.

இவ்வளவு அலுமினிய ஒயர் நம் பழைய வீடுகளுக்குள் எப்படி வந்தது என்பதும் ஒரு கதை. நாட்டில் செம்பு குறைவு, அன்னியச் செலாவணியோ அதைவிடக் குறைவு. அறுபதுகளிலும் எழுபதுகளிலும் செம்பு இறக்குமதிக்குக் கட்டுப்பாடுகள் இருந்தன. அலுமினியம் மின்சாரத்தைக் கடத்துவதில் செம்பின் 61 சதவீதம்தான். அதே சுமையைத் தாங்கக் கம்பி பருமனாக வேண்டும். ஆனால் அப்படிப் பருத்த பிறகும் எடை செம்பில் பாதிதான், விலையும் மலிவு. மின்வாரியங்களும் வீடு கட்டியவர்களும் அலுமினியத்துக்குப் போனார்கள். தமிழ்நாட்டில் சேர்வராயன் மலையின் பாக்சைட்டையும் மேட்டூரின் மின்சாரத்தையும் நம்பி மெட்ராஸ் அலுமினியம் கம்பெனி 1960-இல் தொடங்கப்பட்டது அந்தச் சூழ்நிலையில்தான். அந்த உருக்காலை 2008-இல் நின்றுவிட்டது. அது போன்ற ஆலைகளிலிருந்து வந்த உலோகம் மட்டும் இன்னும் நிற்கவில்லை. கம்பியாக, பாத்திரமாக, மறுபடி உருகி மோட்டார் பாகமாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது.

சுற்றவிடுவதில் நாட்டுக்கும் லாபம் உண்டு. பாக்சைட்டிலிருந்து அலுமினியம் எடுக்கும்போது உருக்காலையில் மட்டும் கிலோவுக்கு 14 யூனிட் மின்சாரம் போகிறது. பழையதை உருக்கினால் செலவாகும் சக்தி அதில் ஏறக்குறைய 5 சதவீதம். மேலே சொன்ன பத்து மீட்டர் கேபிளைக் கணக்குப் பார்த்தால், 28 கிலோ அலுமினியத்துக்குள் கிட்டத்தட்ட 400 யூனிட் மின்சாரம் உறைந்து கிடக்கிறது. மாதம் 100 யூனிட் எரிக்கும் குடும்பத்துக்கு நான்கு மாத மின்சாரம். கத்தியோடு உட்கார்ந்திருப்பவர் அதை மீட்டுக் கொடுக்கிறார். அவருக்கு அதற்காக யாரும் தனியாக எதுவும் தருவதில்லை.

நெருப்பின் மலிவு

கேபிளை உரிக்க நேரம் வேண்டும், கை வேண்டும், இடம் வேண்டும். எரிக்க ஒரு தீக்குச்சி போதும். ராத்திரி ஒரு ஏரிக்கரையிலோ காலி மனையிலோ குவித்துக் கொளுத்தினால் காலையில் சாம்பலைக் கிளறிக் கம்பியை எடுத்துக்கொள்ளலாம். இந்தக் குறுக்கு வழி பெங்களூருக்கு மட்டும் சொந்தமில்லை. டெல்லியின் எல்லைப்புறங்களிலிருந்து ஆப்பிரிக்காவின் கானா வரை பழைய கம்பி சேரும் இடங்களில் எல்லாம் இந்தக் கறும்புகை தெரியும்.

ஆனால் அலுமினியத்துக்கு நெருப்பு ஒரு மோசமான கூட்டாளி. செம்பு 1,085 டிகிரி வரை தாங்கும். அலுமினியம் 660 டிகிரியிலேயே உருகிவிடும். குவியலின் நடுவே வெப்பம் அதைத் தாண்டினால் மெல்லிய இழைகள் உருகிச் சொட்டிச் சாம்பலோடு ஒட்டிக்கொள்ளும். உருகாத இழைகளும் மேற்பரப்பில் ஆக்ஸைடாக மாறும்; அந்தப் பகுதி திரும்ப உலோகமாகாது, உருக்கும்போது கசடாக மேலே மிதக்கும். உருக்குபவர் இதைத் தெரிந்துதான் வைத்திருப்பார். எரித்த கம்பியைப் பார்த்ததும் விலையைக் குறைப்பார். ஆக, எரிப்பவர் மிச்சம் பிடித்த கூலியில் ஒரு பகுதி சாம்பலோடு போகிறது. விற்கக்கூடிய பி.வி.சி. தோலும் சேர்ந்து போகிறது.

இது எரிப்பவரின் நஷ்டம். ஊரின் நஷ்டம் வேறு. பி.வி.சி. ரெசினின் எடையில் பாதிக்கு மேல் குளோரின். எரியும்போது அது ஹைட்ரோகுளோரிக் அமில வாயுவாக வெளியேறி, ஈரம் இருக்கும் இடங்களில், அதாவது கண்ணிலும் தொண்டையிலும் நுரையீரலிலும், அமிலமாகவே படிகிறது. அரைகுறை நெருப்பில் குளோரின் கரியோடு சேர்ந்து டயாக்ஸின், ஃப்யூரான் என்ற நஞ்சுகள் பிறக்கின்றன. குவியலில் செம்பு கலந்திருந்தால், அது இந்த வேதிவினையைத் தூண்டிவிடும். கேபிள் குவியலில் செம்பு கலக்காமல் இருப்பதும் அபூர்வம். டயாக்ஸின்களில் மிகக் கொடியதை 1997-இல் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பட்டியலில் சேர்த்தது. உடம்பின் கொழுப்பில் ஒருமுறை சேர்ந்துவிட்டால் அதில் பாதி வெளியேறவே ஏழு ஆண்டுக்கு மேல் ஆகலாம். பழைய பி.வி.சி.யில் வெப்பம் தாங்குவதற்காக ஈய உப்புகளைச் சேர்ப்பதும் வழக்கம். பைப்புகளில் இதைக் கட்டுப்படுத்த 2021-இல் தனி விதிகள் வந்தன. ஆனால் இன்று கழிவாக வரும் கேபிள்கள் அதற்கு வெகு காலம் முன்பே தயாரானவை. எரித்தால் அந்த ஈயம் சாம்பலில் தங்கும். சாம்பலைக் கிளறுபவர் கையில், அவர் வீட்டுச் சோற்றில் ஏறும்.

இது வெறும் பயமுறுத்தல் அல்ல என்பதற்கு பெங்களூர் மண்ணே சாட்சி. நகரில் மின்னணுக் கழிவு பிரிக்கும் இடங்களை ஜப்பானிய, இந்திய விஞ்ஞானிகள் சேர்ந்து ஆராய்ந்து 2009-இல் ‘கெமோஸ்பியர்’ என்ற ஆய்விதழில் முடிவுகளை வெளியிட்டார்கள். முறைசாராப் பட்டறைகள் நடக்கும் குடிசைப் பகுதியின் மண்ணில், ஒரு கிலோவுக்கு 2,850 மில்லிகிராம் வரை ஈயம் இருந்தது. வேலை செய்தவர்களின் தலைமுடியிலும் ஈயம், காட்மியம், செம்பு போன்றவை கூடுதலாகக் காணப்பட்டன. கேபிள் மட்டுமே இதற்குக் காரணம் இல்லை. சர்க்யூட் போர்டும் சால்டரும் பேட்டரியும் அந்தச் சந்துகளில் உண்டு. ஆனால் கேபிளும் அதே தரையில்தான் பிரிக்கப்படுகிறது, குழந்தைகளும் அதே தரையில்தான் விளையாடுகிறார்கள்.

சட்டம் இருக்கிறது

எரிப்பதைத் தடுக்கச் சட்டத்துக்குப் பஞ்சமில்லை. டயாக்ஸின் போன்ற நீடித்த நஞ்சுகளைக் கட்டுப்படுத்தும் ஸ்டாக்ஹோம் ஒப்பந்தத்தை இந்தியா 2006-இல் உறுதி செய்தது. செம்புக் கேபிளை எரிப்பது, டயாக்ஸின் பிறக்கும் வழிகளில் ஒன்றாகவே அந்த ஒப்பந்தத்தில் பெயர் சொல்லிக் குறிக்கப்பட்டிருக்கிறது. திறந்தவெளியில் கழிவு எரித்தால் ரூ. 5,000, பெரிய அளவில் எரித்தால் ரூ. 25,000 அபராதம் என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2016 டிசம்பரில் உத்தரவிட்டது. அந்த உத்தரவுக்கு வழிவகுத்த பொதுநல வழக்கை 1996-இல் சுப்ரீம் கோர்ட்டில் தொடுத்த அல்மித்ரா படேல் பெங்களூர்க்காரர் என்பது கூடுதல் தகவல்.

பிரச்னை, சட்டம் எரிப்பவரைத்தான் பார்க்கிறது. ஏன் எரிக்கிறார் என்பதைப் பார்ப்பதில்லை. முறையான ஆலைகள் இல்லாமல் இல்லை. பெங்களூரை அடுத்த டாபஸ்பேட்டையில் இ-பரிசரா 2005-இல் தொடங்கியபோது, நாட்டில் அரசு அனுமதி பெற்ற முதல் மின்னணுக் கழிவு ஆலை என்ற பெயர் பெற்றது. பெரிய கம்பெனிகளின் கழிவு இப்படிப்பட்ட ஆலைகளுக்குப் போகிறது. தெருவில் வாங்கும் கழிவு தெருவிலேயே தங்கிவிடுகிறது. காரணம் எளிது: குஜரிக்காரர் கையில் காசு தருகிறார், அன்றைக்கே தருகிறார், ஐந்து கிலோவானாலும் வாங்குகிறார்.

இயந்திரம் தீர்த்து வைக்குமா?

உரிக்கும் இயந்திரம் ஒன்றும் ராக்கெட் விஞ்ஞானமல்ல. இரண்டு உருளைகள் கேபிளை இழுக்க, மேலே ஒரு வட்டக் கத்தி கோடு போட, மறுபக்கம் தோல் வாய் பிளந்து வரும். பீன்யா தொழிற்பேட்டையின் எந்த லேத் பட்டறைக்கும் கை வந்த வேலை. விரல் தப்பும், முதுகு தப்பும், வேகம் பல மடங்கு. ஆனால் ஒவ்வொரு பருமனுக்கும் கத்தியின் ஆழத்தை மாற்ற வேண்டும். நேரான, நீளமான துண்டாக இருக்க வேண்டும். சின்னப் பட்டறைக்கு வருவதோ கோணலும் முடிச்சுமான பல ரகக் கதம்பம்.

அடுத்த படி, கேபிளை அப்படியே அரிசி போலப் பொடியாக நறுக்கி உலோகத்தையும் பிளாஸ்டிக்கையும் பிரிக்கும் இயந்திரம். மெல்லிய ஒயருக்கு இதுதான் சரியான வழி. முறத்தில் புடைப்பது போலத்தான் இதன் தத்துவம்: காற்றும் குலுக்கலும் சேர்ந்து கனமானதை ஒரு பக்கமும் லேசானதை மறுபக்கமும் தள்ளும். செம்பின் அடர்த்தி 8.96, பி.வி.சி. ஏறக்குறைய 1.4, சுலபமாகப் பிரியும். அலுமினியம் 2.7 மட்டுமே. இடைவெளி குறைவு, ஆகவே கலப்படம் அதிகம். தண்ணீரில் போட்டுப் பிரிக்கலாம் என்றால் அலுமினியமும் மூழ்கும், பி.வி.சி.யும் மூழ்கும், மிதப்பது எக்ஸ்.எல்.பி.இ. மட்டும்தான். மலிவான உலோகத்துக்கு விலை கூடிய இயந்திரம் தேவைப்படுகிறது என்பதுதான் இதில் வேடிக்கை.

இயந்திரம் மட்டும் போதாது என்பதற்குக் கானா நாட்டில் ஒரு பாடம் இருக்கிறது. தலைநகர் அக்ராவின் அக்போக்ப்லோஷி பழம்பொருள் சந்தை கேபிள் எரிப்புக்கு உலகப் புகழ் பெற்றது. 2014-இல் ப்யூர் எர்த் என்ற அமைப்பு அங்கே உரிக்கும் இயந்திரங்களை நிறுவியது. பருத்த கேபிள்கள் இயந்திரத்துக்கு வந்தன. மெல்லிய ஒயர்களின் புகை நிற்கவில்லை. 2021 ஜூலையில் அரசு அந்தச் சந்தையையே இடித்துத் தள்ளியது. 148 மீட்டர் கணக்கு ஆப்பிரிக்காவிலும் அதே 148 மீட்டர்தான்.

விலை போகாத வெள்ளை

உரித்த பிறகு மிஞ்சும் தோலுக்கும் ஒரு தலையெழுத்து உண்டு. பி.வி.சி. தோலுக்கு நாயண்டஹள்ளியிலேயே ஆள் இருக்கிறது. பிளாஸ்டிக் கழிவை ரகம் பிரித்து, அரைத்து, குருணையாக்கி விற்பது அந்தப் பகுதியின் பழைய தொழில். கேபிளின் கறுப்பு பி.வி.சி. உருகி மறுபடி மட்ட ரகக் குழாயாகவோ செருப்பின் அடிப்பாகமாகவோ மாறலாம். எக்ஸ்.எல்.பி.இ. அப்படி உருகாது. சாதாரண பாலித்தீனின் மூலக்கூறுச் சங்கிலிகளைக் குறுக்கே ஒன்றோடொன்று பிணைத்துச் செய்தது அது. கேபிள் சூடேறினாலும் இளகாமல் இருப்பது அந்தப் பிணைப்பால்தான். பயன்பாட்டில் இருக்கும்வரை அது குணம். கழிவான பிறகு அதுவே குற்றம். உருக்கி வார்க்க முடியாததை எந்த மறுசுழற்சிக்காரரும் காசு கொடுத்து வாங்கமாட்டார்.

அதற்கும் ஒரு போக்கிடம் இருக்கிறது: சிமென்ட் சூளை. எக்ஸ்.எல்.பி.இ.யில் குளோரின் கிடையாது, நல்ல எரிசக்தி உண்டு. 1,400 டிகிரிக்கு மேல் வெந்துகொண்டிருக்கும் சூளையில் நிலக்கரிக்குப் பதிலாக அது எரியலாம். குளோரின் நிறைந்த பி.வி.சி.யைச் சூளைக்காரர்கள் விரும்புவதில்லை. ஆகவே இரண்டையும் பிரித்துத் தருவது முக்கியம். கத்தியால் உரிப்பவர் இதை இயல்பாகவே செய்துவிடுகிறார். கறுப்பு ஒரு மூட்டை, வெள்ளை ஒரு மூட்டை. ஆனால் சிமென்ட் ஆலைகள் கலபுரகியிலும் அரியலூரிலும் இருக்கின்றன. வெள்ளை மூட்டையோ மைசூர் ரோட்டில் இருக்கிறது. நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் லாரி வாடகையை யார் கொடுப்பது என்ற இடத்தில் விஷயம் நிற்கிறது. நிற்கும் மூட்டை ஒருநாள் சாக்கடைக்கோ நெருப்புக்கோ போகும்.

மண்ணுக்குள் ஒரு கடன்

இந்த வெள்ளை மூட்டை இனிப் பெருகத்தான் போகிறது. 1905 ஆகஸ்டில் சிட்டி மார்க்கெட் பகுதியில் முதல் மின் தெருவிளக்கு எரிந்த ஊர் பெங்களூர். அப்போதிலிருந்து நூறு ஆண்டுக்கு மேல் நகரின் மின்சாரம் பெரும்பாலும் தலைக்கு மேலேதான் ஓடியது. தலைக்கு மேல் ஓடும் கம்பிக்குத் தோல் கிடையாது. ராபிட், வீசல் என்று மிருகப் பெயர்கள் சூட்டப்பட்ட அந்தக் கம்பிகள் வெறும் அலுமினியம், நடுவே இரும்பு. கழிவானால் பிரித்து நேராக உருக்க வேண்டியதுதான். அண்மை ஆண்டுகளில் பெஸ்காம் நிறுவனம் உயர் அழுத்தக் கம்பிகளை நிலத்தடிக் கேபிளாகவும், தாழ்வழுத்தக் கம்பிகளை உறையிட்டு முறுக்கிய கேபிளாகவும் மாற்றி வருகிறது. மரம் விழுந்தால் மின்சாரம் போகாது, அறுந்த கம்பியை மிதித்து யாரும் சாகமாட்டார்கள். மாற்றம் அவசியமானதுதான்.

ஆனால் ஒவ்வொரு கிலோமீட்டர் கேபிளும் டன் கணக்கில் பிளாஸ்டிக்கைக் கூடவே மண்ணுக்குள் கொண்டுபோகிறது. முப்பது, நாற்பது ஆண்டுகளில் அவை வெளியே வரும். இணைப்புத் தவறி எரிந்துபோனதும், குழி தோண்டும்போது வெட்டுப்பட்டதும் இப்போதே வருகின்றன. பாதுகாப்புக்காக நகரம் வாங்கிய கடன் அது. திருப்பிக் கட்டப்போவது கத்தியோடு உட்கார்ந்திருப்பவரா, புகையைச் சுவாசிக்கும் ஊரா என்பதுதான் கேள்வி.

விடை தெரியாத கேள்வி அல்ல. 2025-இல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் அறிவித்த விதிகள், அலுமினியம், செம்பு, துத்தநாகம் ஆகியவற்றில் பொருள் தயாரிப்பவர்களே மறுசுழற்சிக்கும் பொறுப்பேற்க வேண்டும் என்கின்றன. அமலுக்கு வரக் குறித்த நாள் 2026 ஏப்ரல் 1. தயாரிப்பாளரின் பணம் பதிவு பெற்ற ஆலை வரை வரும். அது அங்கேயே நின்றுவிடாமல் சந்துக்குள் இறங்க வேண்டும். நறுக்கும் இயந்திரம் ஒன்று பத்துப் பட்டறைகளுக்குப் பொதுவாக இருந்து, மெல்லிய ஒயரை ஐந்து கிலோவானாலும் அன்றைக்கே காசு கொடுத்து வாங்கினால் நெருப்புக்கு வேலை இருக்காது. வெள்ளை மூட்டையின் லாரி வாடகையைக் கேபிள் தயாரித்தவர் ஏற்றால் அது சாக்கடைக்குப் போகாது. ஊர் ஒரு காலத்தில் திருடர்களைப் போலப் பார்த்த குப்பை பொறுக்குபவர்களுக்கு, 2011-இல் தொடங்கி அப்போதைய பெங்களூரு மாநகராட்சி அடையாள அட்டை கொடுத்தது. ஹசிரு தளா போன்ற அமைப்புகள் அவர்களை உலர் கழிவு மையங்களின் நிர்வாகிகளாகவே ஆக்கிக் காட்டின. கேபிள் உரிப்பவருக்கும் அதே அட்டை, ஒரு ஜோடி கையுறை, கேபிளோடு ஒரு பில் என்று தொடங்கலாம்.

மைசூர் ரோட்டில் மத்தியானம் வெயில் ஏறிவிட்டால் தோல் இளகிவிடும், கத்தி லாகவமாக ஓடும். எங்கோ ஒரு தெருவில் அதே நேரம் குழி தோண்டிப் புதுக் கேபிளை இறக்கிக்கொண்டிருப்பார்கள். அந்தக் கேபிளும் ஒருநாள் இங்கே வந்து இதே வெயிலில் கிடக்கும். அன்றைக்கு அதை உரிக்க ஆள் இருக்க வேண்டும். அவர் நுரையீரலும் நன்றாக இருக்க வேண்டும்.